ஒன்றரை அடி வெளிக்காற்று

எங்கள் தெருவில் வெளிக்காற்றின் அகலம் ஒன்றரை அடி. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. காற்றுத் தர நிர்ணய இயக்ககம் முத்திரை குத்தி அனுப்பிய கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. கடிதம் பத்திரமாக உள்ளது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

விவரம் இது. தெருமுனையில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் மதிலை ஒட்டித் தையல்காரம்மாவின் வீடு. முன்னறை கடை, பின்னறை குடும்பம். குடும்பம் என்றால் அவரும் மகளும். மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் பூனை நேராகப் போகலாம்; மனிதன் பக்கவாட்டில்தான் போக முடியும். மதிலோரம், நிலத்தடித் தொட்டியிலிருந்து ஆவி வெளியேற ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. பங்க் ஆட்கள் அதை வென்ட் பைப் என்பார்கள். அளவெடுத்து வைத்ததுபோல அதன் வாய் தையல்காரம்மாவின் ஜன்னலுக்கு நேராக இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் டேங்கர் லாரி வந்து தொட்டியை நிரப்பும். பெட்ரோல் இறங்க இறங்க, தொட்டிக்குள் இருந்த ஆவி குழாய் வழியே ஏறி ஜன்னலுக்குள் குடிபுகும். ஜன்னலோரம் ஓவர்லாக் மிஷினில் மகள் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். ஜன்னலைச் சாத்தினால் நூல் கோக்க முடியாது. திறந்தால் தலை நிற்காது.

முதலில் அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். பிறகு மயங்கி விழ ஆரம்பித்தாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "ரத்த அணு குறைஞ்சுகிட்டே வருது. மாத்திரையெல்லாம் அப்புறம். முதல்ல அந்தக் காத்துலேருந்து பொண்ணைப் பிரிங்க" என்றார்.

தையல்காரம்மா எங்கள் தெருநலப் போராட்டக் குழுவிடம் வந்தார். நான் அதன் செயலாளர், முப்பத்தொரு ஆண்டுகளாக. வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்டதில்லை.

"அண்ணே, பெரிசா ஒண்ணும் வேணாம். அந்தப் பைப்பை இன்னும் பன்னெண்டு அடி உசத்தச் சொல்லுங்க. கூரைக்கு மேல போயிட்டா காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடும். ரெண்டு துண்டு பைப்பு, அவ்வளவுதான்."

"அம்மா, இது பைப்பு விஷயம் இல்ல. கொள்கை விஷயம்."

"எம் பொண்ணு விஷயம்ணே."

"உங்க பொண்ணுக்கு மட்டும் கேட்டா அது சலுகை. எல்லாருக்கும் கேட்டா அது உரிமை. வெளிக்காத்துல எரிபொருள் ஆவி எவ்வளவு இருக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கா? இல்லை. அந்த வரம்பை வாங்குவோம். வரம்பு வந்துட்டா பைப்பு தானா உசரும்."

அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. "எவ்வளவு நாளாகும்?" என்றார்.

"போராட்டத்துக்கு நாள் குறிக்க முடியாதும்மா" என்றேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் துண்டறிக்கையிலும் அதைச் சேர்த்தோம்.

பங்க் முதலாளி பயந்த சுபாவம். எங்கள் முதல் துண்டறிக்கையைப் பார்த்ததுமே மரை வெட்டிய இரண்டு இரும்புக் குழாய்களை வாங்கி மதிலோரம் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மாட்டிடவாண்ணே? அரை மணி நேர வேலைதான்."

"அவசரப்படாதீங்க. வரம்பு வரட்டும். சட்டப்படி மாட்டுங்க."

"சும்மா மாட்டினா ஆவி மேல போகாதா?"

சட்டப்படி மாட்டுவதற்கும் சும்மா மாட்டுவதற்கும் உள்ள வேறுபாடு வியாபாரிகளுக்குப் புரிவதில்லை. ஆனாலும் சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் திரும்பிப் போய்விட்டார். குழாய்கள் மதிலோரம் கிடந்தன.

மனு கொடுத்தோம். மறியல் செய்தோம். நான்காவது மறியலில் இயக்ககம் கண் திறந்தது. திறந்ததும் ஒரு கேள்வி கேட்டது: வெளிக்காற்று என்பது எது?

நியாயமான கேள்வி என்று எனக்கே தோன்றியது. இயக்குநர் தன் அறையில் பெரிய வரைபடத்தை விரித்து எங்களுக்கு விளக்கினார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் ஆணியடித்து மூடப்பட்டிருந்தன.

"இந்த மதிலுக்கு உள்ளே இருக்கறது பங்க் காத்து. அது தொழிலாளர் துறை. இந்தச் சுவருக்கு உள்ளே இருக்கறது வீட்டுக் காத்து. அது அவங்க சொந்த விஷயம், அரசாங்கம் தலையிட முடியாது. மிச்சம் என்ன இருக்கு?"

"சந்து" என்றார் தையல்காரம்மா.

"அதேதான். ஒன்றரை அடி. அதுதான் எங்க அதிகார எல்லை."

"சார், காத்து சுவர் ஏறிப் போகுமே?"

"போனா அந்தந்தத் துறை பாத்துக்கும்மா."

அடுத்தது வரம்பு. வெளிநாடுகளின் எண்களை எல்லாம் நான் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இயக்குநர் அதை விரலால் தள்ளினார். "அது அவங்க நுரையீரலுக்கு. நம்ம எண் நம்ம மண்ணுல விளையணும்" என்றார். எங்கள் குழுவினர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மண்ணைப் பற்றி யார் பேசினாலும் கைதட்டுவது எங்கள் பழக்கம்.

இயக்ககத்தின் கையேட்டில் ஒரு விதி இருந்தது. எந்த வரம்பையும் "எழுபது கிலோ எடையுள்ள, ஆரோக்கியமான மாதிரி மனிதர்" ஒருவரை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். அந்த விதியை எழுதியவர் காகிதத்தில் கணக்குப் போடுவதற்காக எழுதியிருக்கலாம். இயக்குநரோ சொன்ன சொல்லைச் சொன்னபடி நிறைவேற்றும் பரம்பரை. மாதிரி மனிதரைத் தேட உத்தரவிட்டார். வெளியிலிருந்து ஆள் எடுத்தால் பணி நியமனச் சிக்கல் வரும் என்பதால், அலுவலகத்துக்குள்ளேயே தேடினார்கள்.

தபால் எடை பார்க்கும் மேடையில் ஊழியர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். இயக்குநர் தொண்ணூற்று நான்கு. கண்காணிப்பாளர் எண்பத்தெட்டு, கூடவே சர்க்கரை. தட்டச்சர் ஐம்பத்தொன்று, கூடவே ஆஸ்துமா. கடைசியில் ஜீப் டிரைவர் ஏறினார். அறுபத்தெட்டரை. சட்டைப்பையில் சாவிக்கொத்தையும் ஒரு ஸ்பேனரையும் போட்டதும் முள் எழுபதில் வந்து நின்றது. அன்று மாலையே அவரை மாதிரி மனிதராக அறிவிக்கும் ஆணை வெளியானது. ஸ்பேனரைச் சோதனை முடியும்வரை பையிலிருந்து எடுக்கக்கூடாது என்று அடிக்குறிப்பும் இருந்தது.

மூன்று டேங்கர் நாட்கள் சோதனை நடந்தது. டிரைவர் சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து நின்றார். பின்னால் உதவியாளர் ஒருவர் மீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இயக்குநர் தெருவின் எதிர்ப்பக்கத்தில், காற்று வரும் திசையில், குடையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்விகளைக் கத்தினார்.

"தலை வலிக்குதா?"

"இல்லை சார்."

"மயக்கம்?"

"காலையில சாப்பிடல சார். அந்த மயக்கம்தான்."

"அது வேற தலைப்பு. வாசனை எப்படி இருக்கு?"

"என்ன வாசனை சார்?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெண் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். சோதனையில் அவள் இல்லாததால் இருமல் பதிவாகவில்லை. மூன்றாம் நாள் டிரைவரை ஏணியில் ஏற்றி, குழாயின் வாய்க்கு நேராக முகத்தை வைக்கச் சொன்னார்கள். மீட்டர் தொள்ளாயிரம் காட்டியது. காட்டிய உடனே மீட்டரைப் பிடித்திருந்த உதவியாளர் சொத்தென்று விழுந்தார்.

"ஆள் விழுந்துட்டான் சார்!" என்று நான் கத்தினேன்.

"மாதிரி மனிதரா?"

"இல்ல, மீட்டர் பிடிச்சவர்."

"அப்ப நீங்க ஏன் சத்தம் போடறீங்க? மீட்டர் உடையலையே?"

டிரைவர் ஏணி மேல் நின்றபடி கொட்டாவி விட்டார். கொட்டாவி கோப்பில் ஏறியது: "மாதிரி மனிதர் இளைப்பாறும் நிலையில் காணப்பட்டார்."

தொள்ளாயிரத்திலும் பாதிப்பில்லை. மக்களின் பாதுகாப்பைக் கருதி அதில் நூறு கழிக்கப்பட்டது. வெளிக்காற்றில் எரிபொருள் ஆவிக்கான பாதுகாப்பான வரம்பு எண்ணூறு என்று ஆணை பிறந்தது. தையல்காரம்மாவின் ஜன்னலில், டேங்கர் நாட்களில், மீட்டர் காட்டியது நானூறு. ஆக, அந்தப் பெண் வரம்பில் பாதியைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தாள். சொல்லப்போனால் அவளுக்கு இன்னும் நானூறு பாக்கி இருந்தது.

தையல்காரம்மா இயக்குநரின் மேசைமேல் டாக்டர் சீட்டை வைத்தார். "சார், பாதியிலேயே எம் பொண்ணு விழுறா."

இயக்குநர் சீட்டைக் கவனமாகப் படித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. "பொண்ணு எடை நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கே. வரம்பு எழுபது கிலோவுக்கு உள்ளது. இருபத்தெட்டு கிலோ குறையுதும்மா. குறை காத்துல இல்ல, பொண்ணுகிட்ட இருக்கு. எடையைச் சரி பண்ணுங்க, வரம்பு தானா பொருந்தும்."

"துணி பெரிசா இருந்தா நான் துணியைத்தான் சார் பிடிச்சுத் தைப்பேன். ஆளைப் பிடிச்சு இழுத்து நீட்ட மாட்டேன்."

"அதனாலதான் நீங்க தையல் கடையில இருக்கீங்க" என்றார் இயக்குநர்.

அன்று மாலை டீக்கடையில் மாதிரி மனிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, மனசு கேக்கல. எனக்கு மூக்கு செத்து பத்து வருஷமாச்சு. மலத்தையும் மல்லியையும் ஒண்ணாத்தான் தாண்டிப் போவேன்."

"அதை ஏன்யா அங்க சொல்லல?"

"சொன்னா எப்படிச் செத்துச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"எப்படிச் செத்துச்சு?"

"இருபத்திரண்டு வருஷமா ஜீப் டேங்க்ல டியூப்பை விட்டு, வாயால உறிஞ்சு கேன்ல பிடிக்கறேன். வாயும் மூக்கும் மரத்துப் போச்சு. யாருக்குப் பிடிச்சேன்னு கேட்டா என்ன சொல்றது? பாதி கேன் எனக்கு. பாதி இயக்குநர் வீட்டு ஜெனரேட்டருக்கு." அவர் ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்தார். "சோதனைக்கு என்னையே ஏன் எடுத்தாங்கன்னு நெனைக்கறீங்க? எடை பாத்துன்னா?"

ஓர் ஆணையை ஒரே மூச்சில் கவிழ்க்கும் உண்மை அது. கையில் அப்படியொன்று கிடைக்க ஒரு போராளி தவம் கிடக்க வேண்டும். நான் அதை உடனே வெளியிடவில்லை. மறுநாள் எங்கள் வெற்றிக் கூட்டம் இருந்தது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வரம்பு வேண்டும் என்று கேட்டோம், வரம்பு வந்தது. வரலாற்றில் அது வெற்றிதான். எண்ணின் அளவு இரண்டாம் கட்டப் பிரச்சினை. டிரைவரின் உண்மையும் இரண்டாம் கட்டத்துக்கான ஆயுதம். அவரிடம் அப்படித்தான் சொன்னேன். "உங்க இஷ்டம்ணே" என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

வெற்றிக் கூட்டம் பங்க் வாசலில் நடந்தது. ஆள் கூடுகிற இடம் தெருவில் அதுதான். "வரம்பு வென்ற வீரர்கள்" என்று துணியில் எழுத்து வெட்டித் தைத்த பெரிய பேனர். தைத்தவர் தையல்காரம்மா, குழுவிடம் பேசிய கூலி இன்னும் வாங்கவில்லை. பேனரைக் கட்ட உயரமான கம்பங்கள் வேண்டியிருந்தன. மதிலோரம் கிடந்த இரண்டு குழாய்களை நட்டோம்.

இயக்குநர் பேசினார். "வரம்பு என்பது நாகரிகத்தின் மூச்சு" என்றார். பங்க் முதலாளியும் பேசினார். அவர் முன்புபோலப் பயந்தவராக இல்லை. சட்டம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வரம்பு எண்ணூறு. நான் நானூறுதான் விடறேன். மீதி நானூறை வீணாக்கலாமான்னு யோசிச்சேன். ரெண்டாவது தொட்டிக்கு விண்ணப்பம் போட்டேன். இயக்குநர் அய்யா இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டார்."

கைதட்டல். அப்போது பார்த்து டேங்கர் வந்தது. வெள்ளிக்கிழமை என்பதை எல்லோரும் மறந்திருந்தோம். பத்து நிமிடத்தில் மேடையில் இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஓரமாகப் போய்க் குனிந்தார். என் கை தானாக மூக்குப் பக்கம் போனது. வழியிலேயே அதை நிறுத்திக் கைதட்டலாக மாற்றிக்கொண்டேன். வரம்புக்கு உட்பட்ட ஆவியில், வரம்பை வென்றவன் மூக்கைப் பொத்துவது நன்றாக இராது.

கூட்டம் முடிந்ததும் தையல்காரம்மா வந்தார்.

"அண்ணே, பேனர் கூலிக்குப் பதிலா அந்த ரெண்டு பைப்பையும் தர்றீங்களா?"

முதலாளி சிரித்தார். "எடுத்துக்கம்மா. எனக்கு இனிமே எதுக்கு அது?"

மறுநாள் காலை ஒரு பிளம்பர் வந்தார். பங்க்கில் வெல்டிங் நெருப்பு கூடாது, மரை போட்ட குழாய்க்கு ரெஞ்ச் போதும் என்றார். ஏணி வைத்தார். முதல் துண்டைத் திருகினார், அதன் மேல் இரண்டாவதைத் திருகினார், சுவரில் கிளாம்பு அடித்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை டேங்கர் வந்தது, இறக்கியது, போனது. ஆவி கூரைக்கு மேலே ஏறிப் போய்விட்டது. பெண் ஓவர்லாக் மிஷினிலிருந்து ஒருமுறைகூட வாந்திக்கு எழவில்லை. ஆறு வாரத்தில் அவள் முகத்தில் ரத்தம் தெரிந்தது. டாக்டர் புதுச் சீட்டில் "அணு ஏறுகிறது" என்று எழுதினார். ஜன்னலில் அவள் பாடுவதை அப்போதுதான் தெரு முதன்முதலாகக் கேட்டது. குரல் ஒன்றும் பிரமாதமில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் இரண்டாம் கட்டம் சூடு பிடித்தது. எண்ணூறைப் பத்தாகக் குறை என்று மனு கொடுத்தோம். மாதிரி மனிதரின் மூக்கைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். கூர்மையான பத்தி. இயக்குநர் அதைப் படித்துவிட்டு டிரைவரை வேறு ஊருக்கு மாற்றினார்; பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மறு ஆய்வுக்கு நான் தயார். ஆனா ஆதாரம் வேணும். அந்தத் தையல்காரம்மா ஜன்னல்ல நேத்து மீட்டர் வெச்சோம். ஆறு காட்டுது. ஆறு! நீங்க கேக்கற பத்தைவிடக் குறைவு. பாதிக்கப்பட்டவங்க எங்க இருக்காங்க? பிரச்சினையைக் காட்டுங்க, வரம்பைக் குறைக்கறேன்."

முப்பத்தொரு ஆண்டுப் போராட்டத்தில் இப்படி ஓர் அடி நான் வாங்கியதில்லை. ஆதாரம் அழிக்கப்பட்டிருந்தது. அதுவும் யாரால்? எங்கள் ஆளாலேயே, இரண்டு துண்டுக் குழாயால், எந்தக் கொள்கையும் இல்லாமல். குழு கூடியது. எல்லோரும் ஒரே குரலில் பேசினோம்: ஒரு வீட்டின் தற்காலிக நிம்மதிக்காக ஒரு நாட்டின் நிரந்தர உரிமையை விட்டுக்கொடுப்பதா? இயக்ககத்துக்குக் கடிதம் போனது. "மறு ஆய்வு நிறைவுறும் வரை, மேற்படி குழாயின் முந்தைய நிலையே நீடித்தல் வேண்டும். அனுமதியின்றிச் சேர்க்கப்பட்ட பகுதிகள் அகற்றப்பட ஆவன செய்க."

இயக்ககத்தின் வரலாற்றிலேயே மிக வேகமாக நிறைவேறிய மனு அதுதான். மூன்றாம் நாள் அதே பிளம்பர் ரெஞ்சோடு வந்தார்.

"மாட்டினதும் நான், கழட்டறதும் நான். எனக்கென்ன, ரெண்டு கூலி" என்றார். ஆனாலும் தையல்காரம்மாவின் முகத்தைப் பார்க்காமலே ஏணி ஏறினார்.

தையல்காரம்மா கையில் கடிதத்தின் நகல் இருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"யார்ணே எழுதினது?"

"குழு" என்றேன்.

"தமிழ் நல்லா இருக்கு. பேனர்ல நான் வெட்டித் தெச்ச எழுத்து மாதிரியே, ஒரு பிசிறு இல்ல."

"அம்மா, ஆய்வு முடியறவரைக்கும்தான். அப்புறம் சட்டப்படியே..."

அவர் ஜன்னலைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெட்டியோடு, மகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஓவர்லாக் மிஷின் உறை போட்டுக் கிடக்கிறது. தையல்காரம்மா பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைக்கிறார்.

ஆய்வுத் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. இரண்டாவது தொட்டி வந்துவிட்டதால் டேங்கர் இப்போது திங்களும் வியாழனும்கூட வருகிறது. ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை இருக்கிறது, ஆவி இருக்கிறது, பாதிக்கப்பட வேண்டிய ஆள்தான் ஊரில் இல்லை.

இரண்டாம் கட்ட மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறோம். இந்தத் தெருவில் வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் போட்டுவிட்டார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும்போதே போட்டுவிடலாம், இறங்கக்கூட வேண்டாம். நீங்களும் வந்து போடலாம். மேசை பங்க் வாசலிலேயே இருக்கிறது, மேலே நிழலுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். கம்பத்துக்கு அலையவில்லை. மதிலோரம் இரண்டு குழாய் சும்மாதான் கிடந்தது.